குகைக்குள்ளே ஒரு தைப்பூசம்

ஓம் சரவணபவ!

விடிஞ்சா தைப்பூசம். 2022 ஜனவரி 18, செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமையில பூசம் வர்றது நமக்கெல்லாம் எவ்வளவு விசேஷம்! ஆனா இந்த வருஷம் மலைக்குப் போக முடியாம வீட்ல உட்கார்ந்திருக்கோம்.

நேத்து ராத்திரி நம்ம குரூப்ல இருக்கிற ஒரு தம்பி எனக்குத் தனியா மெசேஜ் அனுப்பியிருந்தார். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இங்க போடுறேன்.

"அண்ணா, முதல் தடவையா பழனிக்கு மாலை போட்டேன். பொங்கலன்னைக்குக் கிளம்பி, பூசத்தன்னைக்கு மலை ஏறணும்னு பிளான். 14-ல இருந்து 18 வரைக்கும் கோவிலுக்குள்ள பக்தர்களை விட மாட்டாங்கன்னு அறிவிச்சிட்டாங்க. சரி, அடிவாரத்துல நின்னு கும்பிட்டுட்டு வரலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள எனக்கே பாசிட்டிவ் வந்துருச்சு. மாடி ரூம்ல தனியா இருக்கேன். பயமா எல்லாம் இல்ல, காய்ச்சல் கூட விட்டுருச்சு. ஆனா முருகன் என்னை வேண்டாம்னு சொல்லிட்டாரோன்னு தோணுது. எதுவும் பிடிக்கல அண்ணா."

நான் பதில் டைப் பண்ணினேன். "பாசிட்டிவா இரு தம்பி, எல்லாம் நன்மைக்கே." அனுப்புறதுக்கு முன்னாடி அழிச்சிட்டேன். ஏன்னா போன வருஷம் மே மாசம் நான் இதே மாதிரி ஒரு மாடி ரூம்ல இருந்தேன். அப்போ இந்த வரியை எனக்கு நிறைய பேர் அனுப்பினாங்க. படிக்கிற ஒவ்வொரு தடவையும் ஃபோனைச் சுவத்துல அடிக்கலாம்னு இருந்தது. அதனால தம்பிக்கு ஒரு வரியில பதில் சொல்ல எனக்கு மனசு வரல. அன்னைக்கு என்னை உட்கார வச்சு எழுப்பின ஒரு கதையைச் சொல்றேன். உங்கள்ல நிறைய பேருக்குத் தெரிஞ்ச கதைதான்.

என் சொந்த ஊர் மதுரைப் பக்கம். வேலை சென்னையில. 2021 ஏப்ரல் கடைசியில கோவில்களை மறுபடி மூடினாங்க, ஊரடங்கு வரும்னு பேச்சு அடிபட்டது. எப்படியும் வொர்க் ஃப்ரம் ஹோம்தானே, ஊர்லயே இருப்போம்னு பஸ் ஏறி வந்துட்டேன். வந்ததும் அடுத்த தெருவுல இருக்கிற பெரியப்பா வீட்டுக்குப் போனேன். பெரியப்பா எங்க ஊர் பழனி பாதயாத்திரைக் குழுவுக்குக் குருசாமி. ஊர்ல இருந்து வாடிப்பட்டி, செம்பட்டி, ஒட்டன்சத்திரம் வழியா நாலு நாள் நடை. சின்ன வயசுல என்னைத் தோள்ல தூக்கிட்டு நடந்தவர். எனக்குக் காவடிச் சிந்து மெட்டும் தெரியும், கால் கொப்புளத்துக்கு என்ன பண்ணணும்னும் தெரியும்னா, ரெண்டுக்கும் அவர்தான் காரணம்.

மே 10 முழு ஊரடங்கு. அந்த வாரக் கடைசியில எனக்கு பாசிட்டிவ். அடுத்த நாலு நாள்ல அப்பாவுக்கும், பெரியப்பாவுக்கும், பெரியம்மாவுக்கும். அப்பாவை ஆக்சிஜன் பெட்ல சேர்த்தாங்க. பெரியப்பாவை வேற ஒரு ஆஸ்பத்திரியில. யார்கிட்ட இருந்து யாருக்கு வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா சென்னையில இருந்து பஸ்ல வந்தவன் நான். பெரியப்பா பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். மாடி ரூம்ல கதவைச் சாத்திட்டு உட்கார்ந்தா இது ஒண்ணுதான் மண்டைக்குள்ள ஓடும்.

அந்த நாள்கள்ல நான் என்ன பண்ணேன்னு உண்மையைச் சொல்றேன். காலையில லேப்டாப்பைத் திறந்து டீம் மீட்டிங்ல "ஐ ஆம் ஓகே" ம்பேன். மூடிட்டு ஃபோனை எடுப்பேன். எத்தனை கேஸ், எத்தனை சாவு, எங்க பெட் இல்ல, எந்த மருந்து கிடைக்கல. ஒரு வீடியோவைப் பார்த்து அழுவேன், அடுத்த வீடியோவுல மீம் வந்தா சிரிப்பேன். ராத்திரி ரெண்டு மணி ஆயிடும். கந்த சஷ்டி கவசம் போட்டு விடுவேன். அது பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்கு ஸ்க்ரோல் பண்ணுவேன்.

எங்க அப்பத்தாவுக்கு 80 தாண்டியாச்சு. அவங்களை மாடிப் பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லியிருந்தோம். அதனால தினமும் சாயங்காலம் முற்றத்துல, படிக்கட்டுக்குக் கீழ ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேல பார்த்து சத்தமாப் பேசுவாங்க. நான் ஜன்னல் பக்கம் தரையில உட்கார்ந்து கேட்பேன். ஒரு நாள், "ஏய்யா, காலைல இருந்து என்னய்யா பண்ண?"ன்னு கேட்டாங்க. "ஒண்ணும் பண்ணல அப்பத்தா, ஃபோன் பார்த்தேன்"னேன். "நக்கீரர் இலையைப் பார்த்த மாதிரியா?"ன்னாங்க.

கதை இதுதான். திருப்பரங்குன்றம் எங்களுக்குப் பக்கத்துக் கோவில். அங்க குளக்கரையில நக்கீரர் சிவபூஜை பண்ணிட்டு இருந்தார். மரத்துல இருந்து ஒரு இலை விழுந்தது. பாதி தண்ணியில, பாதி கரையில. தண்ணியில விழுந்த பாதி மீனாச்சு, கரையில விழுந்த பாதி பறவையாச்சு. மீன் தண்ணிக்குள்ள இழுக்குது, பறவை கரைக்கு இழுக்குது. நக்கீரர் பூஜையை விட்டுட்டு அதையே பார்த்துட்டு இருந்துட்டார். பூஜையில தவறினவங்களைப் பிடிக்கிறதுக்குன்னே அங்க ஒரு பூதம் இருந்தது. கற்கிமுகி, குதிரை முகம் கொண்ட பூதம். அது அவரைத் தூக்கிட்டுப் போய் மலைக்குகையில அடைச்சிருச்சு.

குகைக்குள்ள ஏற்கெனவே 999 பேர் இருந்தாங்க. ஆயிரம் பேர் சேர்ந்ததும் எல்லாரையும் தின்னணும்னு பூதத்தோட கணக்கு. நக்கீரர் உள்ள வந்ததும் கணக்கு முடிஞ்சது. பூதம் குளிச்சிட்டு வந்து சாப்பிடலாம்னு கிளம்பிருச்சு. உள்ள இருந்த 999 பேரும் நக்கீரரைப் பார்த்து அழுதாங்க: "இவ்வளவு நாள் எப்படியோ உயிரோட இருந்தோம். நீ வந்ததாலதானே இப்போ எல்லாரும் சாகப் போறோம்!"

அப்பத்தா இந்த இடத்துக்கு வந்ததும் எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். மீனும் பறவையும்தான் நினைவுல இருந்தது. அந்த 999 பேர் அழுத அழுகை அன்னைக்குத்தான் எனக்குக் கேட்டுச்சு. நான்தான் அந்த ஆயிரமாவது ஆள்னு தோணுச்சு. நான் வந்தேன், எல்லாரும் படுத்தாங்க.

"அப்புறம் என்ன பண்ணார் அப்பத்தா?"ன்னு தெரியாதவன் மாதிரி கேட்டேன்.

"பாட்டுப் பாடினார்யா. திருமுருகாற்றுப்படை. முருகன் வேலை விட்டு மலையைப் பிளந்து எல்லாரையும் வெளிய கொண்டாந்துட்டார். ஆயிரம் பேரையும்"னாங்க. சொல்லிட்டு, "கஞ்சி ஆறிப் போச்சு, எடுத்துக் குடி"ன்னு எழுந்து போயிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி ஃபோன்ல திருமுருகாற்றுப்படையைத் தேடி எடுத்தேன். 317 அடி. பத்துப்பாட்டுல முதல் பாட்டு, சைவத் திருமுறைகள்ல பதினோராம் திருமுறையிலயும் சேர்த்திருக்காங்க. தமிழ் கடினம்தான். உரையை வச்சுக்கிட்டுத்தான் படிச்சேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் என்னை உலுக்கிடுச்சு.

ஆற்றுப்படைன்னா வழிகாட்டுறதுன்னு அர்த்தம். வள்ளல்கிட்ட போய்ப் பரிசு வாங்கின ஒரு பாணனோ கூத்தனோ, எதிர்ல பசியோட வர்ற இன்னொருத்தரைப் பார்த்து, "இந்த வழியாப் போ, இன்னார்கிட்ட போ, உன் கஷ்டம் தீரும்"னு சொல்றதுதான் மத்த ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படையில போகச் சொல்ற இடம் முருகன்.

இப்போ கதையோட சேர்த்துப் பாருங்க. பாடுறவர் எங்க இருக்கார்? பூட்டின குகைக்குள்ள. கொஞ்ச நேரத்துல சாகப் போறார். சுத்தி இருக்கிற எல்லாரும் அவர் மேலதான் பழி போடுறாங்க. அந்த இடத்துல நாமளா இருந்தா என்ன பாடுவோம்? "முருகா என்னைக் காப்பாத்து, என் தப்பை மன்னிச்சிடு"ன்னு பாடுவோம். நக்கீரர் இன்னொருத்தருக்கு வழி சொல்றார். திருப்பரங்குன்றம் போ, திருச்சீரலைவாய் போ, திருஆவினன்குடி போ, திருவேரகம் போ, குன்றுதோறும் ஆடுறவனைப் போய்ப் பாரு, பழமுதிர்சோலை போ, அவன் உனக்கு அருளுவான். ஒரு அடி கூட எடுத்து வைக்க முடியாத இடத்துல இருந்துட்டு ஆறு படைவீட்டுக்கும் வழி சொன்னார்.

என் குற்ற உணர்ச்சிக்கு அதுவரைக்கும் எங்கயும் பதில் கிடைக்கல. "உன் தப்பு இல்ல"ன்னு சொன்னவங்களை நான் நம்பல. "நீதான் காரணம்"னு யாரும் சொல்லல, ஆனா நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். நக்கீரர் அந்த வாதத்துக்குள்ளயே போகல. நான்தான் காரணமா, பூதம் காரணமா, இலை காரணமான்னு 999 பேர்கிட்ட அவர் விவாதம் பண்ணதா கதையில இல்ல. இருக்கிற கொஞ்ச நேரத்துல, அந்தக் குகையில இருக்கிறவங்களுக்கு முருகனை நினைவுபடுத்தினார். அவரால முடிஞ்ச வேலை அது ஒண்ணுதான். அதைச் செஞ்சார்.

மறுநாள்ல இருந்து நானும் ஒண்ணு ஆரம்பிச்சேன். ஒரு நாளைக்கு ஒரு படைவீடு. ஃபோனை எடுத்து வீடியோ பார்க்கிறது கிடையாது. கண்ணை மூடிட்டு, நான் போய் வந்ததை மட்டும் வச்சு, பஸ் ஸ்டாண்டுல இறங்கினதுல இருந்து நடக்கணும். திருப்பரங்குன்றத்துல தெப்பக்குளம், பெரிய ரத வீதி, ஆஸ்தான மண்டபம், உள்ள ஏறி ஏறிப் போனா மலையைக் குடைஞ்ச கருவறை. திருச்செந்தூர்ல கடல் சத்தம், ஈர மணல் ஒட்டின கால், நாழிக்கிணத்துத் தண்ணி. பழனியில யானைப்பாதையா, படிப்பாதையான்னு அடிவாரத்துல நிக்கிறப்போ வர்ற விபூதி வாசனை. உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? இதை முதல் நாள் பண்ணும்போது ரெண்டு நிமிஷத்துக்கு மேல என்னால முடியல. மனசு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடிரும். ஓடினா திட்டாம, விட்ட படியில இருந்து மறுபடி ஏறினேன். அஞ்சாவது நாள் இருபது நிமிஷம் முடிஞ்சது.

சுவாமிமலை நாள்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச நாள். வீட்டுத் தனிமையில இருக்கிறவங்களை அப்போ டாக்டர்கள் ஆறு நிமிஷம் ரூமுக்குள்ளயே நடக்கச் சொல்லி, அதுக்கப்புறம் ஆக்சிமீட்டர்ல பார்க்கச் சொல்வாங்க. நான் அதை சுவாமிமலைப் படியா மாத்திக்கிட்டேன். அங்க 60 படி. 60 தமிழ் வருஷங்கள். ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு வருஷத்துப் பேர். பிரபவ, விபவ, சுக்கில... பத்துக்கு மேல எனக்குத் தெரியல. கீழ இருந்து அப்பத்தா எடுத்துக் கொடுத்தாங்க. முப்பத்தி நாலாவது எட்டு சார்வரி. முப்பத்தி அஞ்சாவது எட்டு பிலவ. அதுதான் அப்போ நடந்துட்டு இருந்த வருஷம். நான் அங்கயே நின்னுட்டேன். அப்பத்தா கீழ இருந்து, "ஏன்யா நின்னுட்ட? சுபகிருது. நட!"ன்னு கத்தினாங்க.

இந்த 2022 ஜனவரியிலயும் நாம பிலவ வருஷத்துலதான் இருக்கோம். இது ஒரு படி. மேல 25 படி இருக்கு, அதுக்கும் மேலதான் சாமி.

இதோட கதை முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். "படைவீட்டை நினைச்சேன், முருகன் காப்பாத்தினார், வெற்றிவேல்"னு போஸ்ட்டை முடிச்சிருப்பேன். அப்பா பதினோரு நாள்ல வீட்டுக்கு வந்தார். பெரியப்பா வரல. வைகாசி விசாகத்துக்கு முதல் நாள், மே 24, காலையில ஃபோன் வந்தது. அன்னைக்குத்தான் தளர்வே இல்லாத ஊரடங்கு ஆரம்பிச்ச நாள். தெருவே அமைதியா இருந்தது. நான் மாடியில இருந்து வீடியோ கால்லதான் பார்த்தேன். நாலு நிமிஷம். சுத்தி வச்சிருந்தாங்க, முகம் கூட சரியாத் தெரியல. ஊர்ல பாதிப் பேரைப் பழனிக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனவர் பின்னாடி நடக்க அன்னைக்கு நாலு பேர்தான்.

விசாகத்தன்னைக்கு நான் விளக்கு ஏத்தல. கோபம். கதையில ஆயிரம் பேரும் வெளிய வந்தாங்களே, இங்க மட்டும் ஏன் கணக்கு குறையுது? இந்தக் கேள்வியை நான் இப்பவும் முழுசா விடல. ஒண்ணு மட்டும் உறுதியாச் சொல்வேன். "நான் வேண்டினதால அப்பா பிழைச்சார்"னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. அப்படிச் சொன்னா, பெரியம்மா வேண்டினது என்ன ஆச்சு? என்னை விட நூறு மடங்கு பக்தி அவங்களுக்கு. வேல் பூஜை பண்ணாத செவ்வாய்க்கிழமை கிடையாது. பிழைச்ச வீட்ல நாம சொல்ற அந்த ஒரு வரி, இழந்த வீட்ல கத்தி மாதிரி இறங்கும். அப்பா பிழைச்சதுக்கு முருகனுக்கு நன்றி சொல்றேன். டாக்டருக்கும், ராத்திரி முழுக்க ஓடின நர்ஸ் அக்காவுக்கும் சொல்றேன். அதைக் கணக்கு வழக்கா மாத்த மாட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் பெரியம்மாவுக்கு ஃபோன் பண்ணேன். ரெண்டு வாரமா உள்ளயே வச்சிருந்ததைச் சொல்லிட்டேன். "பெரியம்மா, நான்தான் கொண்டு வந்தேன் போல. நான் வராம இருந்திருக்கலாம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னாங்க. "நீ வரல வரலன்னு அவர் எத்தனை மாசம் புலம்பினார்னு உனக்குத் தெரியுமா? நீ வந்தன்னைக்கு ரெண்டு தோசை அதிகமாச் சாப்பிட்டார். எனக்கு அதுதான் நினைவு இருக்கு. நீ வேற எதையாவது நினைச்சுட்டு இருக்காத."

அதோட விடல. "அவர் யாத்திரை நோட்டு இங்க இருக்கு. 34 பேர் நம்பர் இருக்கு. பாதிப் பேருக்கு அவர் போனதே தெரியாது. எனக்குப் பேச முடியல. நீ ஒவ்வொருத்தருக்கா ஃபோன் பண்ணிச் சொல்லு. எல்லாரும் நல்லா இருக்காங்களான்னும் கேளு"ன்னாங்க.

நோட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்பினாங்க. பெரியப்பா கையெழுத்து. ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் ஒரு குறிப்பு. "சர்க்கரை உண்டு." "வேகமாக நடப்பான், பின்னால் விடவும்." "தனியாள்." என் பேருக்குப் பக்கத்துல, "சென்னை. பூசத்துக்கு லீவு கேட்கச் சொல்லணும்"னு எழுதியிருந்தார்.

34 பேருக்கும் பேச ஆறு நாள் ஆச்சு. சிலர் அழுதாங்க. ரெண்டு பேர் வீட்ல அவங்களே இல்ல. "தனியாள்"னு குறிச்சிருந்த தாத்தா ஃபோனை எடுத்து, விஷயத்தைக் கேட்டுட்டு, ரொம்ப நேரம் கழிச்சு, "நீ சாப்பிட்டியாப்பா?"ன்னு கேட்டார். விசாரிச்சதுல, அவருக்குத்தான் மூணு நாளா சமைக்க ஆள் இல்ல. அந்த ஊர்லயே இருக்கிற இன்னொரு குழு உறுப்பினர்கிட்ட சொன்னேன். அன்னைக்கு ராத்திரியே சாப்பாடு போச்சு.

ஆறாவது நாள் முடிஞ்சு ஃபோனைக் கீழ வச்சப்போதான் கவனிச்சேன். ஆறு நாளா நான் கேஸ் நம்பர் பார்க்கல. மனசு சரியாயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். பெரியப்பா இல்லாத துக்கம் அப்படியேதான் இருந்தது. ஆனா மூச்சு விட முடிஞ்சது. பெரியம்மா எனக்கு ஆற்றுப்படை சொல்லியிருக்காங்க, அவங்களே குகைக்குள்ள உட்கார்ந்துட்டு. இதை நான் புரிஞ்சுக்கவே அவ்வளவு நாள் ஆச்சு.

தம்பி, இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். முருகன் உங்களை வேண்டாம்னு சொல்லிட்டாரா?

அவருக்குக் குகன்னு ஒரு பேர் உண்டு. குகையில இருக்கிறவன்னு அர்த்தம். அடியார் நெஞ்சுதான் அந்தக் குகைன்னு பெரியவங்க சொல்வாங்க. திருப்பரங்குன்றத்துல அவர் மலையைக் குடைஞ்ச கருவறையில, பாறையோட பாறையாத்தான் உட்கார்ந்திருக்கார். அதனாலதான் அங்க அபிஷேகம் வேலுக்கு நடக்குது. நக்கீரரை அடைச்ச மலைக்குள்ள முருகன் அதுக்கு முன்னாடியே இருந்தார். குகையில போட்டுட்டா முருகன்கிட்ட இருந்து பிரிச்சிடலாம்னு பூதம் நினைச்சது. குகனோட வீட்லயே கொண்டு போய் விட்டுடுச்சு!

உங்க மாடி ரூமும் அப்படித்தான்.

தைப்பூசம்ங்கிறது அம்பிகை முருகனுக்கு வேல் கொடுத்த நாள். அதே வேல்தான் நக்கீரர் இருந்த குகையைப் பிளந்தது. வேல்னா ஞானம்னு சொல்றோம். அந்த ஞானம் இருந்தா, கவசமும் படிப்போம், முகக்கவசமும் போடுவோம். பயத்துல ஆஸ்பத்திரியைத் தள்ளிப் போட மாட்டோம். "முருகன் பார்த்துப்பார்"னு சொல்லிட்டு, காய்ச்சலோட கூட்டத்துல போய் நிக்க மாட்டோம். நீங்க அடிவாரத்துக்குப் போகாம வீட்ல இருக்கீங்களே, உங்க பக்கத்துல நடக்க வேண்டிய ஒரு அப்பத்தாவை அதனாலயே நீங்க காப்பாத்தியிருக்கலாம். நீங்க கும்பிடாம போன கும்பிடுன்னு அதைச் சொல்ல முடியுமா?

நாளைக்கு என்ன பண்ணலாம்னு நான் நினைக்கிறதைச் சொல்றேன். மத்தவங்களும் செய்யலாம்.

காலையில குளிச்சிட்டு (காய்ச்சல் இருந்தா முகம் கை கால் கழுவினா போதும், உடம்பை வருத்தாதீங்க) விபூதி பூசி ஒரு விளக்கு ஏத்துங்க. சானிடைசர் பாட்டிலை விளக்குக்குப் பக்கத்துல வைக்காதீங்க. மாலையைப் பத்திக் கவலைப்படாதீங்க. உங்க குருசாமிக்கு ஃபோன் பண்ணிக் கேளுங்க, அவர் சொல்றபடி செய்யுங்க. நடை திறந்ததும் போய் வேண்டுதலை முடிச்சுக்கலாம். பழனியாண்டவர் எங்கயும் போயிட மாட்டார்.

அப்புறம் ஃபோனைக் குப்புறக் கவுத்து வச்சிட்டு, கண்ணை மூடிப் பழனி ஏறுங்க. 693 படி. நீங்க இதுவரை போனதே இல்லன்னா, போயிட்டு வந்த உங்க அம்மாவையோ தாத்தாவையோ கதவுக்கு வெளிய உட்கார வச்சு, வழியெல்லாம் சொல்லச் சொல்லுங்க. அவங்க சொல்லச் சொல்ல நீங்க நடங்க. இலை விழும், மீனும் பறவையும் இழுக்கும், மனசு போகும். போனா திரும்பி வாங்க. நக்கீரருக்கே போச்சு, நமக்குப் போகாதா?

கடைசியா ஒண்ணு. இதுதான் முக்கியம். நாளைக்குள்ள மூணு பேருக்கு ஃபோன் பண்ணுங்க. ஃபார்வர்ட் மெசேஜ் வேண்டாம், குரல்ல பேசுங்க. உங்களை மாதிரி யாத்திரை நின்னு போனவர் ஒருத்தர், வீட்ல யாரையாவது இழந்தவர் ஒருத்தர், தனியா இருக்கிறவர் ஒருத்தர். அறிவுரை சொல்ல வேண்டாம். "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டாலே போதும். அந்த தாத்தா எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது.

இதையெல்லாம் செஞ்சும் தூக்கம் வராம, வாழப் பிடிக்கலன்னு எண்ணம் வந்தா, அதை மனசுக்குள்ளயே வச்சுக்காதீங்க. வீட்ல சொல்லுங்க. 104-க்கு கூப்பிட்டா மனநல ஆலோசனை கிடைக்கும். உதவி கேட்கிறது பக்திக்குக் குறைவு இல்ல. சூரபத்மனை எதிர்த்துப் போக முருகனே நவவீரர்களையும் பூதப்படையையும் கூட்டிக்கிட்டுத்தான் போனார்.

இந்த வருஷம் எங்க குழு நடக்கல. நேத்து பெரியம்மா அதே நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு, இப்போ அவங்களே ஒவ்வொருத்தருக்கா ஃபோன் பண்ணிட்டு இருக்காங்க. "வீட்லயே விளக்கு ஏத்துங்க, அடுத்த வருஷம் சேர்ந்து நடப்போம்." எனக்கும் வந்தது. கடைசியில, "பூசத்துக்கு லீவு கேட்டியா?"ன்னு கேட்டாங்க. 2021-ல இருந்து தைப்பூசம் அரசு விடுமுறைன்னு சொன்னேன். "ஓ, அவருக்குத் தெரிஞ்சா சந்தோஷப்படுவார்"னாங்க.

பெரியப்பாவுக்குத் தெரியும். போன தைப்பூசத்துக்கு அவர் இருந்தார். முதல் தடவை விடுமுறை விட்டப்போ என்கிட்ட ஃபோன்ல சொன்னதே அவர்தான். பெரியம்மாகிட்ட நான் அதைத் திருத்தல.

நாளைக்குக் காலையில நான் வாடிப்பட்டியில இருந்து நடக்க ஆரம்பிக்கிறேன், கண்ணை மூடிட்டு. கூட வர்றவங்க வாங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
வேலும் மயிலும் துணை.